மஞ்சள் சீட்டு ஒட்டாத பக்கம்

அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்தச் சொல்லுங்கள், ஐயா. உங்கள் மேசையில் காகிதங்கள் பறக்கின்றன. காகிதம் பறப்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா உட்கார முடியாது. தொழில் அப்படி.

எங்கள் கட்டட நிறுவனத்தில் ஒப்பந்தப் பிரிவு என்று ஓர் அறை இருக்கிறது. பெயர்தான் பிரிவு, இருப்பது நான் ஒருவன். மாநில அரசு சட்டத்தைத் திருத்தும்போதெல்லாம் எங்கள் ஒப்பந்தங்களையும் அதற்கேற்பத் திருத்துவது என் வேலை. கொத்தனாருக்கு ஒன்று, மின்வேலைக்காரருக்கு ஒன்று, சாரம் கட்டுபவருக்கு ஒன்று. அரசாங்கமும் சும்மா இருக்காது. இந்த வருடம் மழைநீர்க் குழாயில் கை வைப்பார்கள், மறு வருடம் தொழிலாளர் காப்பீட்டில். ஒரு வரி விட்டுப்போனாலும் விபத்து என்று வரும்போது நிறுவனத்தின் பெயர் சந்தி சிரிக்கும்.

ஒப்பந்தத்தை யாரும் முழுக்கப் படிப்பதில்லை. கட்டுக் கட்டாக இருக்கும், எழுத்தும் பொடி. அதனால் நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். எந்தப் பக்கத்தில் சட்டம் மாறியிருக்கிறதோ அந்தப் பக்கத்தின் ஓரத்தில் சின்னதாக ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டிவிடுவேன். வருபவர்கள் அந்தப் பக்கத்தைத் திருப்புவார்கள், நான் விளக்குவேன், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். மஞ்சள் இல்லையென்றால் எதுவும் மாறவில்லை என்று அர்த்தம். இத்தனை வருடத்தில் அந்தச் சீட்டை நம்பி யாரும் கெட்டதில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். சட்டம் மாறினால் சமையலறை மேசையில் எதிரெதிரே உட்காருவோம். பழைய வாசகத்தை அவள் உரக்கப் படிப்பாள், நான் புதியதோடு ஒத்துப் பார்ப்பேன். நடுவில் கொட்டாவி விடுவாள். "இதை எழுதினவங்க வீட்ல யாரும் சிரிக்கவே மாட்டாங்களா அண்ணா?" என்பாள். சந்தோஷம் என்று நான் எதையாவது சொல்ல வேண்டுமானால் அந்த மேசையைத்தான் சொல்வேன்.

பிறகு அவள், எங்களுக்குச் சாரம் கட்டித் தரும் ஒப்பந்தக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அறிமுகம் செய்துவைத்ததே நான்தான், யாரை நொந்துகொள்வது. நல்ல மனிதர். சாரம் கட்டி முடித்தால், ஆட்களை ஏற்றுவதற்கு முன் தான் மட்டும் தனியாக உச்சிவரை ஏறி இறங்குவார். ஒரே குறை, வாய். எனக்குக் 'கமா' என்று பெயர் வைத்தார். "வாங்க கமா மச்சான், இன்னைக்கு எங்க கமா போட்டீங்க, எங்க எடுத்தீங்க?" என்பார். என் தங்கை விழுந்து விழுந்து சிரிப்பாள். கேலி எனக்குப் பெரிதில்லை. அவள் சிரித்ததுதான் பொறுக்கவில்லை. என்னோடு அந்த மேசையில் இருந்த காலத்தில் அவள் அப்படிச் சிரித்ததே இல்லை.

சென்ற மழைக்காலத்துக்குச் சற்று முன் சாரச் சட்டம் மாறியது. அதுவரை சாரத்தைச் சோதிக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது. எங்கள் பாதுகாப்பு மேற்பார்வையாளர் வந்து பார்ப்பார். குறை இருந்தால் சிவப்புப் பலகை மாட்டுவார். பலகை இல்லையென்றால் ஏறலாம். புதிய சட்டப்படி, சாரம் கட்டுபவரே உரிமம் உள்ள ஒருவரை அழைத்துச் சோதித்துச் சான்று வாங்க வேண்டும். நான் அதை ஒரு சொல் பிசகாமல் ஒப்பந்தத்தில் சேர்த்தேன். எல்லாச் சாரக்காரர்களுடைய ஒப்பந்தத்திலும் மஞ்சள் சீட்டு ஒட்டினேன். மாப்பிள்ளையுடையதில் ஒட்டவில்லை.

அவர் வந்து புரட்டிப் பார்த்தார். "மஞ்சளே காணோமே, இந்தத் தடவை அரசாங்கம் தூங்கிடுச்சா மச்சான்?" என்றார்.

"கையெழுத்துப் போடுங்க மாப்பிள்ளை" என்றேன். போட்டார். நான் பொய் எதுவும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அபராதம் விழும், கொஞ்ச நாள் வேலை நிற்கும், வாய் அடங்கும், அவ்வளவுதான் என்று அப்போது நினைத்தேன். பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் மேற்பார்வையாளர் நனைந்த செருப்போடு என் அறைக்கு வந்தார்.

"சார், உங்க மாப்பிள்ளை கட்டின சாரம் ஒரு பக்கம் இறங்கியிருக்கு. கீழ மண்ணு இளகிடுச்சு. நாளைக்கு ஏறப்போறாங்களாம். சட்டம் மாறினாலும் பரவாயில்ல, ஒரு பலகைய மாட்டிடவா?"

"மாட்டினா நீங்க சோதிச்சதா ஆகிடும். அப்புறம் எல்லாம் உங்க தலையிலதான் விடியும்."

"அப்ப அவர்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லிடறேன்."

"நான் சொல்லிக்கிறேன். வீட்டு மனுஷர்தானே."

அவர் நிம்மதியாகப் போனார். அவரை விசாரணை என்று அலைக்கழிக்காதீர்கள், பிள்ளைகுட்டிக்காரர்.

அன்று மாலை தங்கை வீட்டில்தான் சாப்பிட்டேன். மாப்பிள்ளை உற்சாகமாக இருந்தார். "நாளைக்கு ஏறறேன் மச்சான். பலகை எதுவும் இல்ல, உங்க ஆளு பாத்துட்டுப் போயிட்டார்போல" என்றார். தங்கை என் தட்டில் இன்னொரு கரண்டி போட்டாள். "போதும்மா" என்றேன். வேறெதுவும் சொல்லவில்லை.

காலையில் சாரம் சரிந்தபோது அவர் மட்டும்தான் ஏறியிருந்தார். ஆட்கள் எல்லோரும் கீழே தள்ளி நின்றிருந்தார்கள். அவருடைய வழக்கம் எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று யோசித்துத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மனசாட்சி இல்லாதவன் என்று எழுதிவிடாதீர்கள்.

ஒப்பந்தம் செல்லும் என்றார்கள். நிறுவனம் கைகழுவிக்கொண்டது, சான்று வாங்காதது அவர் தவறு என்று முடிந்தது. தங்கை என் வீட்டுக்கே வந்துவிட்டாள். "சட்டம் மாறினது அவருக்குத் தெரியுமா அண்ணா?" என்று ஒரே ஒருமுறை கேட்டாள். "கையெழுத்துப் போட்டிருக்காரும்மா" என்றேன். நான் மேசைக்குப் புது விரிப்பு வாங்கினேன். அவளும் எதிரே உட்கார்ந்து பழைய வாசகத்தைப் படித்தாள். நடுவில் கேலி எதுவும் செய்யவில்லை, ஆனாலும் படித்தாள்.

நேற்று கடைத்தெருவில் மேற்பார்வையாளர் அவளைப் பார்த்து அழுதிருக்கிறார். "அன்னைக்கே உங்க அண்ணன்கிட்ட சொன்னேனேம்மா" என்றாராம். அவள் வீட்டுக்கு வந்து சமைத்தாள், என் தட்டில் இன்னொரு கரண்டி போட்டாள். வேறெதுவும் சொல்லவில்லை. காலையில் உங்களிடம் வந்திருக்கிறாள்.

புகாரை அவளே எழுதிக் கொடுத்தாள் என்கிறீர்கள். துக்கத்தில் இருப்பவள், ஏதாவது எழுதுவாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், வரும்போது பார்த்தேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீட்டுச் சாவி இதோ, அவளிடம் கொடுத்துவிடுங்கள். அடுத்த மாதம் இன்னொரு திருத்தம் வருகிறது, பழைய வாசகத்தை எடுத்து மேசையில் வைக்கச் சொல்லுங்கள். எனக்கு எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பாள். பாவம், என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்.