இந்த நீதிமன்றம்

கரியாஹாட்டில் பஸ் ஏறினேன். முன் சீட்டில் வயதான கணவன் மனைவி. பெங்காலிக் கூட்டத்துக்கு நடுவே தமிழில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் ஓய்வுபெற்ற ஹைகோர்ட் ஜட்ஜ் என்று பேச்சிலேயே தெரிந்தது. அவர் எழுதிய வாழ்க்கைக் கதை அந்த அம்மாள் மடியில் இருந்தது.

"'இந்த நீதிமன்றம் திருமணத்துக்குச் சம்மதித்தது'ன்னு எழுதியிருக்கேளே. நான் என்ன ஹைகோர்ட்டையா கல்யாணம் பண்ணிண்டேன்?"

"தீர்ப்பு எழுதியே பழகின கை. 'நான்'னு எழுத வரமாட்டேங்கறது."

"என் கல்யாணம் போகட்டும். வேலை போன அந்த டீச்சரோட மனுவைப் பத்து நாள் லேட்டுன்னு தள்ளினேளே, அங்கேயும் 'இந்த நீதிமன்றம் தவறிவிட்டது'ன்னுதான் இருக்கு. இப்ப அவ வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேக்கப் போறது யாரு, நீதிமன்றமா?"

அவர் கை நீட்டி, மனைவி மடியிலிருந்த புத்தகத்தை மூடினார்.

"கதவைத் திறப்பாளா?"

"போன்ல அவதானே வாங்கோன்னா. டீ குடிச்சுட்டுத்தான் போகணும்னும் சொன்னா."

"எப்படி ஆரம்பிக்கறது?"

"தமிழ்ல 'நான்' வராட்டா என்ன, பெங்காலியில 'ஆமி'ன்னு ஆரம்பிங்கோ."

ஜாதவ்பூர் வந்தது. அவர்தான் முதலில் எழுந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஆமி, ஆமி" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தபடியே இறங்கினார்.