சரிவில் யாரும் இல்லாத படம்

மேகமே இல்லாத வானம் எனக்குப் பிடிக்காது. மற்றவர்கள் அதைத்தான் நல்ல வானிலை என்பார்கள். படம் எடுக்கிறவனுக்கு அது வெள்ளையடித்த சுவர். அன்று மாலை அருமையான மேகம் இருந்தது, ஐயா. நீங்கள் இவ்வளவு நேரம் விசாரித்ததில் அதைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை, அதனால் நானே சொல்கிறேன்.

எங்கள் நாரின் மலைகளை நாட்காட்டிகளுக்காகப் படம் எடுத்து எடுத்து அலுத்துப்போனவன் நான். வானத்துக்கு ஏற்றபடி எடுத்தால் மலை கரியாகிவிடும். மலைக்கு ஏற்றபடி எடுத்தால் வானம் வெளுத்துவிடும். அதனால் காமிராவை முக்காலியில் நிறுத்தி, ஒரே காட்சியை இருட்டாக ஒன்று, நடுத்தரமாக ஒன்று, வெளிச்சமாக ஒன்று என்று எடுத்து, பிறகு கணினியில் மூன்றையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். அப்போது நிழலுக்குள் கிடக்கும் கல்கூடத் தெரியும். காட்சியில் எதுவும் அசையக் கூடாது, அவ்வளவுதான். அசைந்தால் சேர்க்கும்போது அந்த இடம் அழுக்குப் பிடித்த மாதிரி கலங்கிவிடும்.

மலையில் குதிரை மேய்க்கும் டோகோனுக்கு இது பெரிய வேடிக்கை. இலையுதிர் காலத்தில் அவன் கூடாரத்தில்தான் தங்குவேன். "ஏண்ணே, மலை கண்ணச் சிமிட்டிரும்னா மூணு தடவ எடுக்குறீங்க?" என்று புளித்த குதிரைப்பால் குமிஸ் கிண்ணத்தை நீட்டிக்கொண்டே கேட்பான். "அவரக் கிண்டல் பண்ணது போதும். ஓடிப்போன குதிரையத் தேடுற வழியப் பாருங்க," என்று அவன் மனைவி சாய்ராகுல் விரட்டுவாள்.

அன்றும் அப்படித்தான் விரட்டினாள். நான் தட்டைப் பாறைமேல் வெயிலுக்காகக் காத்திருந்தபோது, எதிர்ச் சரிவில் டோகோன் செவலைக் குதிரையில் குறுக்கே வந்தான். எனக்கு எரிச்சலாக வந்தது. சரிவின் நடுவில் குதிரை சறுக்கி விழுந்தது. அது எழவில்லை, அவன் கால் அதனடியில் மாட்டியிருந்தது. எங்கள் ஊரில் குதிரையிலிருந்து விழாதவன் யார்? எழுந்துவிடுவான் என்றுதான் நினைத்தேன்.

படத்தை எடுத்துக்கொண்டு கூடாரத்துக்குத் திரும்பினேன். சாய்ராகுல் தேநீரும் ரொட்டியும் வைத்தாள். "எங்க வீட்டுக்காரரப் பாத்தீங்களாண்ணே?" என்று கேட்டாள். "வந்துருவான்மா," என்றேன். நம்பித்தான் சொன்னேன். பிறகு மடிக்கணினியில் மூன்றையும் சேர்த்தேன். புல் பொன்னாக வந்தது. சரிவில் மட்டும் ஒரு கறுப்புத் திட்டு. யாரோ எறிந்த பிளாஸ்டிக் புட்டியையோ, மின்கம்பியையோ படத்திலிருந்து நீக்குவது போல அதையும் நீக்கிவிட்டு, பக்கத்துப் புல்லால் மூடினேன். எல்லாப் படக்காரர்களும் செய்கிற வேலைதான்.

இருட்டிக்கொண்டு வரும்போது சாய்ராகுலின் தம்பி ஒரோஸ்பெக் டோகோனைத் தேடி ஆட்களோடு வந்தான். "கானிபெக் அண்ணே, அசதியில மாமாவ உங்க கண்ணு தவறவிட்டிருக்கும், படத்துல விழுந்திருக்கும். காட்டுங்க," என்றான். காட்டினேன். சரிவைப் பெரிதாக்கிக் கல் கல்லாகப் பார்த்தான். "அடேயப்பா, புல்ல எண்ணலாம் போலருக்கு. மாமா இங்க இருந்தா தெரியாமலா போவாரு? தெக்குப் பள்ளத்துக்குக் குதிரைய விடுங்கடா," என்றான். போய்விட்டார்கள்.

மூலப் படங்கள் மூன்றும் காமிராவில் இருந்தன. காட்டியிருக்கலாம். ஆனால் அரைகுறை வேலையை நான் யாரிடமும் காட்டியதில்லை. தவிர, சாய்ராகுல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். வந்ததும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருப்பாள். பதில் சொல்லத் தெம்பில்லை, ஐயா. அவ்வளவு களைப்பு. பனி கொட்டத் தொடங்கியபோது தூங்கிவிட்டேன்.

விடியும்வரை உயிர் இருந்திருக்கும் என்று உடலைப் பார்த்த மருத்துவர் சொன்னாராம். பாவம்தான். சாய்ராகுல் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவள் கையால் எத்தனை ரொட்டி தின்றிருக்கிறேன். மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இந்த மூன்று படங்களையும் மேசையில் பரப்பி வைத்துவிட்டு, எல்லாவற்றிலும் அவன் அசையாமல்தானே கிடக்கிறான், உதவி கேட்டுக் கையைக்கூட ஆட்டவில்லையா என்று கேட்கிறீர்கள். ஆட்டினான். என்னைப் பார்த்துத்தான் ஆட்டினான். மேகத்துக்கு அடியில் வெயில் இறங்கி, பாதி போயும்விட்டது. அவன் நிறுத்துவதாக இல்லை. அவன்மேல் எனக்கு அந்த ஒரு வருத்தம் உண்டு. ஆனாலும் நான் அவசரப்படவில்லை, ஐயா. அந்தக் கை ஓய்ந்து கீழே விழும்வரை பொறுமையாகக் காத்திருந்து, அதற்குப் பிறகுதான் எடுத்தேன்.