ஒரு காது அத்தைக்கு

உங்கள் மேசையில் கிடக்கிற, போன் பேச மாட்டுகிற அந்தக் காது சாமானை வெயிலிலிருந்து கொஞ்சம் நகர்த்தி வையுங்கள். சூடு அதற்கு ஆகாது. டப்பாவின் மூடியையும் திறந்து போட்டிருக்கிறீர்கள். தூசி உள்ளே இறங்கும். அப்புறம் ஒரு பக்கம் சார்ஜ் ஏறும், இன்னொரு பக்கம் ஏறாது. பேட்டரி செத்துவிட்டது என்று நினைத்து நீங்கள் புதுசு வாங்குவீர்கள்.

லோரி ஓட்டின கிழவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று உங்களுக்குச் சிரிப்பு வருகிறது. தெரிந்துகொண்டேன். அதைச் சொல்லத்தான் போலீஸ் பாலாய் வரைக்கும் வந்தேன். போன தடவை நான் கொடுத்த வாக்குமூலம் சரியில்லை. அதை அடித்துவிட்டு இதை எழுதிக்கொள்ளுங்கள். சட்டையில் தாமரை என்று பெயர் இருக்கிறது, தமிழ்ப் பிள்ளை, அதனால் உங்களிடம் சொல்கிறேன். எழுதி முடித்ததும் எனக்குப் படித்துக் காட்ட வேண்டும். காதால் கேட்காத எதிலும் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

என் பெயர் நாகையா. போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டியவன். இறந்துபோனது என் மனைவி வீரம்மா. நீங்கள் கூப்பிட்டு விசாரிப்பது என் மருமகள் ஷாமினியை. அத்தையைக் கவனிக்காமல் விட்டாள் என்று என் மகன் சுகுமாறன் சொன்னதால்.

வீரம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்ததிலிருந்து வலது பக்கம் வராது. வாய் கோணிப்போயிற்று. பேச்சு வரும், ஆனால் ஒவ்வொரு வார்த்தைக்கும் வால் அறுந்துபோகும். தண்ணி என்பதைத் தண் என்பாள். சோறு என்பதைச் சோ என்பாள். ஷாமினி என்பது ஷாமி ஆகிவிடும். சுகுமாறன்கூட விளையாட்டாகச் சொல்வான், "அம்மாவுக்கு லைன் கட்டாவுதுலா." அவளும் கோண வாயால் சிரிப்பாள்.

ஷாமினிக்கு வீட்டிலிருந்தே வேலை. ஏதோ கம்பெனிக்கு வருகிற போனை எடுத்து, சாரி சார், சாரி மேடம் என்று சொல்கிற வேலை. மத்தியானம் தொடங்கினால் இருட்டுகிற வரைக்கும். பின்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாள். அத்தை படுத்திருப்பது முன்னறையில். அதனால் அவளாக ஒரு வழக்கம் வைத்திருந்தாள். காது சாமான் இரண்டில் ஒன்றைத்தான் மாட்டுவாள். இன்னொன்று டப்பாவில் சார்ஜில் கிடக்கும். "ஒரு காது கம்பெனிக்கு, ஒரு காது அத்தைக்கு" என்பாள். ஷாமி என்று ஒரு சத்தம் வந்தால் ஓடி வந்துவிடுவாள்.

நல்ல பெண்தான். அதை நான் மறுக்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் நான் எங்கே இருக்கிறேன் என்று பாருங்கள். கார் நிறுத்துகிற இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, முன்னறை ஜன்னலுக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கிறேன். கூப்பிடு தூரம்கூட இல்லை. கை நீட்டினால் ஜன்னல் கம்பி. அவள் கூப்பிடுவது என் தலைக்கு மேலே போய், வரவேற்பறையைத் தாண்டி, சமையலறையைத் தாண்டி, பின்னறைக்குப் போகிறது. ஷாமி, ஷாமி, ஷாமி. நேற்று வந்த பெண் பெயர். ஒரு தடவையாவது என்னைக் கூப்பிடட்டுமே என்று நானும் உட்கார்ந்திருந்தேன்.

என்னைக் கண்டால் அத்தை பயப்படுகிறார் என்று ஷாமினி என் மகனிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. என் காது நன்றாகக் கேட்கும். பயப்பட என்ன இருக்கிறது. ஒரு நாள் கஞ்சி கொஞ்சம் சூடாக இருந்துவிட்டது. அவள் வாயைத் திறக்கமாட்டேன் என்று அடம்பிடித்தாள், நான் தாடையைப் பிடித்தேன். நாக்கு வெந்துபோயிற்று. இன்னொரு நாள் துணி மாற்றும்போது ஒரு வார்த்தை சொன்னேன், உயிர் போய்த் தொலையமாட்டேன் என்கிறதே என்று. எல்லா வீட்டிலும் கோபத்தில் சொல்வதுதான்.

இப்போது அந்தச் சாமான் விஷயத்துக்கு வருகிறேன். ஷாமினியுடையது பழசு. கொஞ்ச நேரம் பேசினால் காதுக்குள்ளேயே டிங் என்று அடித்து அணைந்துவிடுமாம். மற்றதை எடுத்து மாட்டினால் அதில் சார்ஜ் ஏறியே இருக்காது. இரண்டையும் டப்பாவில் போட்டுவிட்டுச் சார்ஜ் ஏறுகிற வரைக்கும் எழுந்து வருவாள். வந்தவள் அத்தையைப் புரட்டிப் படுக்கவைப்பாள், தண்ணீர் கொடுப்பாள், முதுகில் பவுடர் போடுவாள். பேட்டரி தீர்ந்தால் வீரம்மாவுக்குக் கொண்டாட்டம். நான் ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருப்பேன். இரண்டு பேரும் என்னவோ சிரிப்பார்கள்.

அப்போதுதான் எனக்குத் தோன்றியது, அது தீராமல் இருந்தால் என்ன என்று.

கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஒரு போன் கடை இருக்கிறது. அதில் இர்ஃபான் என்று ஒரு ஆள், தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவன். ஷாமினியிடம் சரிபண்ணிக்கொண்டு வருகிறேன் என்று வாங்கிக்கொண்டு போய் அவனிடம் நீட்டினேன்.

"அங்கிள், இது சாகல. அழுக்கு. சார்ஜ் ஏறுற இந்தப் பொட்டு மேல எப்படி அப்பிக் கெடக்கு பாருங்க" என்றான்.

"புதுசு வாங்கச் சொல்லப்போற. அதானே?"

"சொன்னா வாங்குவீங்களா?"

"மாட்டேன்."

"அப்ப நான் ஏன் வாயக் கெடுத்துக்கணும். இந்தாங்க, காய்ஞ்ச பஞ்சு. நீங்களே தொடைங்க, நான் சாமான மாத்திட்டேன்னு அப்புறம் சண்டைக்கு வருவீங்க."

துடைத்தேன். இரும்புப் பொட்டுகள் பளபளவென்று வந்தன. காதிலிருந்து எடுத்ததும் வேர்வையைத் துடைத்துத்தான் டப்பாவில் போட வேண்டும் என்றான். ஷாமினி அதை ரைஸ் குக்கர் பக்கத்தில் வைத்துச் சார்ஜ் போடுகிறாள் என்றேன். தலையில் அடித்துக்கொண்டான். சூட்டில் பேட்டரி கிழமாகிவிடுமாம். போனுக்கு வருகிற பெரிய சார்ஜர் வேண்டாம், சின்னது போதும் என்றான்.

"வயிறு மாதிரி அங்கிள் இது. சுத்தமா பட்டினி போடக்கூடாது. எந்நேரமும் எலப் போட்டு உக்கார வைக்கவும் கூடாது. கால்வாசிக்குக் கீழ போவ விடாதீங்க. முக்காலுக்கு மேல கொஞ்சம் ஏறினதும் வயரப் புடுங்கிருங்க. ராத்திரி முழுக்க மாட்டி வச்சிட்டுத் தூங்கக்கூடாது. டப்பாக்குள்ளயும் ஒரு பேட்டரி இருக்கு, அதயும் பாத்துக்குங்க." அப்புறம் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "மருமக காதுக்கு மாமனார் சேவையா? எங்க ஊர்ல இப்படி நடந்தா பேப்பர்ல போட்டோவோட போடுவான்."

அன்றிலிருந்து சார்ஜ் போடுவது என் வேலை ஆயிற்று. காலையில் துடைப்பேன். மின்விசிறிக் காற்று படுகிற இடத்தில் வைத்துச் சின்ன வயரில் மாட்டுவேன். பக்கத்திலேயே இருந்து பார்த்துப் பிடுங்குவேன். லோரிக்குத் தண்ணீர், எண்ணெய் பார்த்தவன் கை, எதையும் அரைகுறையாக விடாது. டிங் சத்தம் நின்றுபோயிற்று. "மாமா, புதுசு மாதிரி இருக்கு" என்று ஷாமினி பக்கத்து வீட்டில் எல்லாம் சொன்னாள்.

அப்போது அவளுக்கு வேலையில் ஒரு தொந்தரவு. ஒரு காதில் மட்டும் கேட்டதால் ஆள் சொல்வது சரியாக விளங்காமல் மறுபடி மறுபடி கேட்கிறாள் என்று மேலே இருப்பவன் எச்சரித்திருந்தான். நான் சொன்னேன்.

"ரெண்டு காதுலயும் போட்டுக்கம்மா. அதான் சார்ஜ் நிக்கிதே. அத்தைக்கு நான் இருக்கேன்."

"நெசமாவா மாமா? அத்தை கூப்பிட்டா வந்து தட்டுவீங்களா?"

"நான் எங்க போவப் போறேன். ஜன்னலுக்குக் கீழதான கெடக்கேன்."

அவள் கண் கலங்கிற்று. "தேங்க்ஸ் மாமா" என்றாள். இரண்டையும் மாட்டினால் வெளிச் சத்தமே உள்ளே போகாத மாதிரி அதில் ஒரு வசதி உண்டு. அதை இர்ஃபான் எனக்குக் காட்டிக்கொடுத்திருந்தான். நான் ஷாமினிக்குக் காட்டிக்கொடுத்தேன்.

அதன் பிறகு மத்தியானங்கள் அமைதியாகப் போயின. வீரம்மா ஷாமி என்பாள். நான் எழுந்து போய்க் கதவில் நிற்பேன்.

"யாரு வேணும்?"

"ஷாமி."

"அவ வேலையா இருக்கா. நான் இருக்கேன்ல. கூப்பிட வேண்டியவனக் கூப்பிடு."

அவள் என்னைப் பார்ப்பாள். பிறகு சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நான் திரும்பி நாற்காலிக்கு வந்துவிடுவேன். படுக்கையை நனைத்துக்கொண்டு கிடந்தாலும் கிடப்பாளே தவிர, என்னைக் கூப்பிடமாட்டாள். அவ்வளவு பிடிவாதம். நானும் பிடிவாதக்காரன்தான். காத்திருக்கத் தெரிந்தவன். கப்பல் வருகிற வரைக்கும் போர்ட்டில் லோரிக்குள் உட்கார்ந்து பழகினவன்.

கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு இடைவெளி உண்டு. அவள் அந்தப் பக்கம் சரிந்துவிடாமல் இருக்க ஷாமினி ஒரு நீளத் தலையணையை அதில் அடைத்து வைப்பாள். அன்றைக்குக் காலையில் அதைத் துவைத்து வெளியே கொடியில் போட்டிருந்தாள். "காய்ஞ்சதும் வச்சிருங்க மாமா, மறந்துறாதீங்க" என்று சொல்லிவிட்டு இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். சார்ஜ் அன்றைக்கு நன்றாக இருந்தது. நானே பார்த்தேன்.

நல்ல வெயில். தலையணை சீக்கிரம் காய்ந்துவிட்டது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. என்னவோ சரிகிற சத்தம். பிறகு ஷாமி என்றாள். குரல் சுவருக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது. மறுபடி ஷாமி. மூச்சு வாங்கியது. நான் எழுந்து ஜன்னலில் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் போக வேண்டியிருந்திருக்கும்.

பிறகு அமைதியாகிவிட்டது. வெகுநேரம் கழித்து, ஷாமினி காபி கலக்க எழுந்தவள், சுவர் இடுக்கில் சிக்கிக் கிடந்த அத்தையை எட்டிப் பார்த்துவிட்டுக் கத்தினாள். காதில் இரண்டும் அப்படியே இருந்தன. பச்சை விளக்குகூட எரிந்துகொண்டிருந்தது.

சுகுமாறன் வேலையிலிருந்து ஓடி வந்தான். "ரெண்டு காதையும் அடைச்சிக்கிட்டா உக்காந்திருந்த?" என்று அவளைக் கேட்டான்.

"மாமா பாத்துக்கிறேன்னாங்க."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"நான் எங்கடா சொன்னேன்? கண்ணு அசந்துட்டேன்" என்றேன்.

ஷாமினி என்னைப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் கிடந்த தலையணையைப் பார்த்தாள். காரியம் முடிந்ததும் சுகுமாறன் அவளை டெங்கிலில் இருக்கிற அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டான். அந்தக் காது சாமானைச் சுத்தியலால் நசுக்கிப்போட்டான். "பழைய மாதிரி பேட்டரி தீர்ந்திருந்தா எங்கம்மா உசுரோட இருந்திருப்பாங்க" என்று அழுதான். அவன் சொன்னது சரிதான். நான் அதை மறுக்கமாட்டேன்.

நான் இங்கே வந்தது ஷாமினிக்காக என்று எழுதாதீர்கள். அவள் தன்னைப் பார்த்துக்கொள்வாள். சாவு வீட்டில் வந்தவர்கள் எல்லோரும் என்னை ஒரே கேள்வி கேட்டார்கள். பக்கத்து வீட்டு வள்ளியம்மா கேட்டாள், "ஜன்னலுக்குக் கீழதான இருந்தீங்க அண்ணே, அண்ணி உங்களக் கூப்பிடவேயில்லயா?" டீக்கடையில் ராஜன் கேட்டான். போன தடவை நீங்களும் கேட்டீர்கள், "தாத்தா, பாட்டி உங்களக் கூப்பிடலயா?" என்று. அதற்குப் பதில் சொல்லத்தான் வந்தேன்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து வீரம்மா என்னைப் பெயர் சொன்னதில்லை. ஏங்க என்றுதான் கூப்பிடுவாள். கோயில் கூட்டத்தில், பாசார்ச் சந்தையில், பஸ் நிறுத்தத்தில், எத்தனை பெண்கள் ஏங்க என்றாலும் அவளுடைய ஏங்க எனக்குத் தெரியும்.

அன்றைக்குக் கடைசியில் ஷாமி என்று வரவில்லை. ஏ என்று வந்தது. வெறும் ஏ. அதற்கு முன்னாலும் அவள் அப்படிச் சொல்லிக்கொண்டு கிடந்திருக்கிறாள். "மாமா, அத்தை ஏ, ஏன்னு கூப்பிடறது ஒங்களத்தான். வாலு அறுந்துபோவுது, அவ்ளோதான். போயி நில்லுங்க மாமா" என்று ஷாமினி ஒரு தடவை சொன்னாள். நான் நம்பவில்லை. யார் எது சொன்னாலும் லேசில் நம்புகிற ஆள் இல்லை நான்.

வெறும் ஏ என்றால் யாரை என்று எடுத்துக்கொள்வது. ஆட்டைக்கூட அப்படிக் கூப்பிடுவார்கள். மிச்சமும் வரட்டும் என்று தலையணையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்னொரு தடவை ஏ என்றாள். அதற்கு அப்புறம் ஒன்றும் வரவில்லை.

அதனால் இப்படி எழுதிக்கொள்ளுங்கள். வீரம்மா என்னைக் கூப்பிடவில்லை. எழுதிவிட்டீர்களா? சத்தமாகப் படியுங்கள், நான் கேட்க வேண்டும்.