இலட்சுமிக்கு அனுப்பிய பிரதி

தபால்காரரில ஒரு பிழையும் இல்லை, ஐயா. வாக்குமூலத்தில அதை முதல்ல எழுதிக்கொள்ளுங்கோ. பக்கத்து வீட்டு இலட்சுமி தனியாள், விடியவே ஐஸ் கொம்பனிக்கு வேலைக்குப் போயிடுவா. தனக்கு வாற தபாலை சோமசேகரம் அண்ணையிட்டக் குடுங்கோ எண்டு அவதான் அவரிட்டச் சொல்லி வைச்சவ. நாலு வருசமா நானும் அவவின்ர பேரைக் கையெழுத்தா வைச்சு வாங்கிக் குடுத்தனான். ஒரு கலியாணக் காட்கூடத் தவறினதில்லை.

உட்துறைமுகப் பக்கம் இருக்கிற என்ர வீட்டையே விடுதியாவும் நடத்திறன். மொட்டை மாடியில நிண்டால் கப்பலெல்லாம் தெரியும். வாற வெள்ளைக்காரருக்குக் கப்பலும் வேணும், குளிக்கத் தண்ணியும் வேணும். அதால மேல ஒரு பெரிய தண்ணித் தாங்கி கட்டினனான். இலட்சுமியின்ர குசினிக்கு நேர மேல எண்டு ஊர் கதைக்குது. நேர மேல இல்லை, ஒரு முழம் தள்ளி.

தாங்கி நிக்கிற தூணில வெடிப்பெண்டு அவ படமெடுத்துக் கொண்டுபோய் முறைப்பாடு குடுத்திட்டா. கட்டடக் கந்தோர் ஆக்கள் வந்து பாத்திட்டு, தண்ணி விடக்கூடாது, தாங்கியை இடி எண்டு கட்டளை போட்டினம். சீசன் தொடங்க இருவது நாள்தான் கிடந்தது.

மேன்முறையீடு செய்தனான். முறைப்பாடு செய்தவவுக்கும் ஒரு பிரதி அனுப்பி, விசாரணை நாளையும் அறிவிக்கவேணுமாம். நான் சட்டத்தை மீறுற ஆள் இல்லை. பேர், விலாசம் எல்லாம் முத்து முத்தா எழுதிப் பதிவுத் தபாலில அனுப்பினனான். மூண்டாம் நாள் தபால்காரர் அதை என்னட்டயே கொண்டுவந்து நீட்டினார். வழக்கம்போலக் கையெழுத்து வைச்சு வாங்கினனான். மனிசன் வெயிலுக்கை வந்தவர், ஒரு பிளேன்ரீயும் குடுத்தனான்.

என்ர எழுத்து எனக்கே வந்திருக்கெண்டு சிரிப்பும் வந்தது. பின்னேரம் குடுப்பமெண்டு அலுமாரிக்கை வைச்சன். பின்னேரம் மழை. அடுத்த நாள் வெள்ளிக்கிழமை, கோயிலுக்குப் போகவேணும். பிறகு விசாரணையும் வந்திட்டுது.

அங்க மற்றத் தரப்பு எங்கை எண்டு கேட்டினம். கடிதம் சேர்ந்ததெண்டு தபால் கந்தோரால எனக்குத் திரும்பி வந்த அட்டையில அவவின்ர பேர்க் கையெழுத்தைக் காட்டினனான். கடிதம் கிடைச்சும் வரேல்லையெண்டால் ஆட்சேபணை இல்லைத்தானே எண்டு கட்டளையை நீக்கிச்சினம். கோப்பில கிடந்தது பழைய படம், மயிரளவு கீறல். ரெண்டு விரல் போற அளவுக்கு அது விரிஞ்ச படம் அவவின்ர போனில இருந்தது. எனக்குக் காட்டினவ.

ஞாயிற்றுக்கிழமை காலமை தண்ணிப் பம்பைப் போட்டன். சத்தம் கேட்டு இலட்சுமி மதிலுக்கு மேலால எட்டிப் பாத்தா. குழாய்தான் சோதிக்கிறன், தாங்கிக்குத் தண்ணி போகேல்லை எண்டு சொன்னனான்.

"விசாரணைக்குக் கூப்பிடுவம் எண்டவை, அண்ணை. எனக்குக் கடிதம் ஏதும் வந்ததோ?"

"இல்லைப் பிள்ளை. வந்தால் நான் தராமல் விடுவனோ?"

ஓம் அண்ணை எண்டிட்டு, மீன் வெட்டக் குசினிக்கை போயிட்டா. பத்தரை மணிக்குத் தூண் சரிஞ்சுது. தாங்கியும் தண்ணியும் அவவின்ர கூரைக்கு மேல. ஒரு சத்தமும் போட நேரமிருக்கேல்ல எண்டு டொக்டர் சொன்னவர். அது கேக்க எனக்கும் ஆறுதலா இருந்தது.

விழுமெண்டு எனக்குத் தெரியாது, ஐயா. சத்தியமாத் தெரியாது. அப்ப விடியவே என்ர மோட்டார் சைக்கிளை ஏன் அந்த மதிலடியால எடுத்து றோட்டில விட்டனான் எண்டு கேக்கிறியள்.

அது புதுசு, ஐயா.