விருந்தாளியோடு ஓட ஒரு ஆள்

எல்லாப் புகழும் இறைவனுக்கே.

இந்த விழாவின் தலைவர், வரவேற்புக் குழுவைத் தோளில் சுமந்து பத்து நாளாக உறக்கமின்றி உழைத்தவர், ஊரார் மீராசா ஹாஜியார் என்று மதிப்போடு அழைக்க, வீட்டில் நான் வாப்பா என்று அழைக்கும் பெரியவர் அவர்களே! எமது வித்தியாலயத்தின் அதிபர் அவர்களே! ஆசிரியப் பெருமக்களே! காலை ஏழு மணிக்கே குடையோடு வந்து முன்வரிசையைப் பிடித்துவிட்ட மூத்தோர்களே! மர நிழலில் பாய் விரித்து, மடியில் ஒரு பிள்ளையும் தோளில் ஒரு பிள்ளையுமாக அமர்ந்திருக்கும் தாய்மார்களே! கல்முனையிலிருந்தும் சம்மாந்துறையிலிருந்தும் காரைதீவிலிருந்தும் இறக்காமத்திலிருந்தும் எங்கள் நிந்தவூர் மண்ணில் ஓட வந்திருக்கும் உடன்பிறப்புகளே! உங்கள் எல்லோர் மீதும் சாந்தி நிலவட்டும், அஸ்ஸலாமு அலைக்கும். கைகூப்பி வாழ்த்தும் வழக்கமுள்ள அன்பர்களுக்கு என் அன்பு நிறைந்த வணக்கம்.

என் பெயர் சுல்பிகா. பத்தாம் வகுப்பு மாணவி. சென்ற வருடக் கடைசியில் டில்லியில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில், விழாவை நடத்திய நாட்டின் வீரர்கள் எப்படி விளையாடினார்கள் என்று பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். சுபைறா டீச்சர் எனக்கு அழகான பேச்சொன்று எழுதித் தந்தார். எத்தனை தங்கம், எத்தனை வெள்ளி, எத்தனை நாடுகள், எல்லாம் அதில் இருக்கின்றன. டீச்சர் என்னை மன்னிக்க வேண்டும். என் கையில் இருப்பது அந்தத் தாள் அல்ல. இது, வீட்டில் எல்லோரும் உறங்கிய பிறகு விளக்கைத் தணித்து வைத்துக்கொண்டு நானே எழுதியது. இதை இதுவரை ஒருவரும் படிக்கவில்லை.

என்ன? கேட்கவில்லையா? பின்வரிசைக் காக்கா, சத்தமாகக் கதைக்கிறேன். மைக்கை உயரமாகக் கட்டிவிட்டார்கள், நான் கட்டை. அதோடு பயமும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் குரல் எங்கே வெளியே வரும்?

பெரியோர்களே! டில்லி எங்கே, நிந்தவூர் எங்கே? அந்த மைதானத்தை நாங்கள் கண்டோமா? இல்லை. அந்தக் கொடிகளைக் கண்டோமா? இல்லை. ஆனால் கேட்டோம்! பிரதான வீதியில் அபூசாலி காக்காவின் தேநீர்க் கடை இருக்கிறதே, அந்தக் கடையின் வானொலியில் கேட்டோம். கடைக்குள் ஆண்கள். கடைக்குப் பின்னால், தென்னங்கிடுகு வேலிக்கு இந்தப் பக்கம், கோப்பை கழுவும் இடத்தில் அவருடைய மகள் கமீலாவும் நானும். எங்களுக்கும் கேட்கட்டும் என்று காக்கா வானொலியின் சத்தத்தைக் கூட்டிவிடுவார். "என்ன அபூசாலி, காது மந்தமா?" என்று தேநீர் குடிக்க வந்தவர்கள் கேட்பார்கள். "ஓம், வயசு போகுதுதானே" என்பார். அவருக்கு வயது நாற்பது.

அதோ, அவரே சிரிக்கிறார்!

ஹொக்கி இறுதிப் போட்டி நடந்த நாள் நினைவிருக்கிறதா? மழை பெய்துகொண்டிருந்தது. கடைக்குள் பாதிப் பேர் இந்தியா பக்கம், பாதிப் பேர் பாகிஸ்தான் பக்கம். கல்முனையிலிருந்து மீன் கொண்டுவரும் சாமித்தம்பி அண்ணன், கூடையை இறக்கி வைத்தவர் மீனையே மறந்துவிட்டார். ஒரு கோல். இரண்டு கோல். மூன்று, நான்கு. விழா எடுத்தவர்களின் வலைக்குள் ஏழு கோல்! தம் சொந்த மண்ணில், தம் சொந்த மக்கள் முன்னால், ஒன்றுக்கு ஏழு!

கடைக்குள் ஒருவர், பெயர் சொல்ல மாட்டேன், முன்வரிசையில்தான் இருக்கிறார், மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். "ஊரக் கூப்பிட்டு விருந்து வச்சி, அந்த விருந்திலயே அடி வாங்கினானுகள்!" என்றார். அபூசாலி காக்கா தேநீர் ஆற்றுவதை நிறுத்தினார். "சிரிக்காதடாப்பா. வந்தவன் நல்லா விளையாடினான். வீட்டுக்காரனும் கதவச் சாத்திக்கிட்டு உள்ளுக்குப் போகல்லியே, நிண்டு விளையாடினானே. அதுதான் விருந்து" என்றார்.

வேலிக்கு இந்தப் பக்கம் கமீலா, கழுவிய கோப்பையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

அதே விழாவில் அதே நாட்டின் பெண்கள் ஹொக்கி ஆடினார்கள். தங்கம் வென்றார்கள்! கேரளத்துக் கடலோர ஊரொன்றில் வளர்ந்த பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தி நூறு மீட்டரிலும் இருநூறு மீட்டரிலும் ஓடினாள். இரண்டிலும் வெள்ளி வென்றாள்! வானொலி அந்தப் பெயரைச் சொன்னபோது கமீலா என் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "சுல்பி, இருநூறு மீட்டர் எண்டா எவ்வளவு தூரம்டி?"

எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளக் கடற்கரைக்குப் போனோம். சாமித்தம்பி அண்ணனிடம் கயிறு கேட்டோம்.

"என்னத்துக்குப் புள்ள கயிறு?"

"ஓடுறதுக்கு அண்ணன்."

"கயித்துல கட்டி இழுத்தாத்தான் ஓடுவீங்களோ?"

சிரித்தார், ஆனாலும் கயிறு தந்தார். அவருக்கு மீட்டர் தெரியாது, எங்களுக்குப் பாகம் தெரியாது. இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம் என்று அவர் சொல்லித்தர, டீச்சர் கணக்குப் போட்டுத்தர, நூற்றொன்பது பாகம் அளந்து, ஈர மணலில் இரண்டு தடி நட்டோம். விடியற்காலையில், தோணிகள் வரும் முன்னர், கமீலா ஓடினாள். டீச்சரின் கைக்கடிகாரத்தை நான் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளுடைய உம்மா சரீபா மாமி, காலை மூடும் வெள்ளைக் காற்சட்டையும், கையை மூடும் சட்டையும், தலைக்கு இறுக்கிக் கட்டும் துணியும் தைத்துக் கொடுத்தார். அவளுடைய வாப்பா சம்மதம், உம்மா சம்மதம், அதிபர் சம்மதம். இன்றைய இருநூறு மீட்டரில் எங்கள் பாடசாலையின் பெயரில் மூன்றாம் தடம். கமீலா!

தாய்மார்களே! இனி நான் சொல்லப்போவது கொஞ்சம் கஷ்டமான கதை.

நேற்றுக் காலை அறிவிப்புப் பலகையில் பட்டியல் போட்டார்கள். மூன்றாம் தடத்தில் கமீலாவின் பெயர் மேல் பென்சிலால் ஒரு கோடு. அதே பெயர் இன்னொரு தாளில் இருந்தது: விருந்துபசாரம், சர்பத் மேசை. எங்கள் பெண்பிள்ளைகள் எல்லோருடைய பெயர்களும் அந்தத் தாளில்தான்.

கோடு போட்டவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் மனதில் கள்ளம் இல்லை, எனக்குத் தெரியும். அவர் என் வாப்பா. வரவேற்புக் குழு எங்கள் வீட்டு மண்டபத்தில்தான் கூடியது. கதவுக்குப் பின்னால் நான் நின்றேன். "நம்மட ஊர நம்பி வந்த புள்ளைகள, நம்மட புள்ளைகளே தோக்கடிச்சு அனுப்புறதா? அது என்ன மரியாத?" என்றார்கள் வாப்பா. "பரிமாறவும் கை காணாது. பொம்புளப் புள்ளைகள் விருந்தப் பாக்கட்டும்." எங்கள் வீட்டுக்கு வந்த ஒருவரும் பசியோடு திரும்பியதில்லை. வந்தவர் கை கழுவி எழும்பும் வரை வாப்பா ஒரு பிடி சோறு உண்டதில்லை. அந்த மனம்தான் அந்தக் கோட்டைப் போட்டது.

ஆனால் எங்கள் ஆண்பிள்ளைகள் ஓடுகிறார்களே! அவர்கள் வென்றால் மரியாதை குறையாதா என்று குழுவில் ஒருவரும் கேட்கவில்லை. கதவுக்குப் பின்னால் நின்ற நானும் கேட்கவில்லை. இன்று கேட்கிறேன்.

சிரியுங்கள் மாமிமாரே, சிரியுங்கள். உங்கள் சிரிப்பு எனக்குப் பலமாக இருக்கிறது.

டில்லியில் அணிவகுப்பு நடந்தபோது, விழா எடுத்த நாடு கடைசியாக நடந்தது. வந்தவர் முன்னே, வீட்டார் பின்னே! எவ்வளவு அழகு! இன்று காலை எங்கள் பாடசாலை அணியும் கடைசியாகத்தான் நடந்தது. அழகுதான். ஆனால் கேளுங்கள். கடைசியாக நடந்த அந்த வீரர்கள், நடந்து முடிந்ததும் எங்கே போனார்கள்? அடுப்படிக்கா போனார்கள்? ஓடுதடத்துக்குப் போனார்கள்! தண்ணீரில் குதித்தார்கள்! பந்தைத் துரத்தினார்கள்! வென்றார்கள், தோற்றார்கள், ஏழு கோல் வாங்கினார்கள், எழும்பி நின்றார்கள். பெண்கள் தங்கம் வென்ற அன்று, விருந்தாளிகள் அவமானப்பட்டுத் திரும்பினார்கள் என்று எந்த வானொலியாவது சொன்னதா? அபூசாலி காக்கா, உங்கள் வானொலி சொன்னதா?

"இல்ல மகள், இல்ல!" என்கிறார். எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

கமீலா அழவில்லை. "பரவாயில்லடி. சர்பத் கரைக்கிறதும் ஒரு வேலதானே" என்றாள். நேற்று மாலை முழுக்கத் தேசிக்காய் பிழிந்தாள். அந்த நேரத்தில்தான் இறக்காமத்துப் பிள்ளைகள் வந்தார்கள். காலையில் புறப்பட்டால் யானை மறிக்கும் என்று, வயல் பாதையில் உழவு இயந்திரப் பெட்டியில் இருந்து குலுங்கிக் குலுங்கி, நேற்றே வந்துவிட்டார்கள். அவர்களில் ஒருத்தி சுஹறா. உயரமான பிள்ளை. உடம்பெல்லாம் தூசி. கமீலா நீட்டிய சர்பத்தை ஒரே மூச்சில் குடித்தாள்.

"நல்லாரிக்கி. உங்கட இஸ்கூல்ல இருநூறு ஓடுற ஆள் ஆருகா?" என்று கேட்டாள்.

கமீலா தரையைப் பார்த்தாள். "ஒருத்தருமில்ல" என்றாள்.

"ஒருத்தருமில்லியா? அப்ப நான் ஆரோட ஓடுற?"

"மத்தத் தடத்துல ஆள் இரிக்கிதானே."

"உங்கட ஊர்ல ஓடிப் பாக்கணும் எண்டு வந்தன் நான். கடக்கரைப் புள்ளைகள் மணல்ல ஓடிப் பழகினதாம், காத்து மாதிரி ஓடுமாம் எண்டு சொன்னாங்க. எங்கட ஊர்ல ஆன துரத்தினாத்தான் என்னோட சேந்து ஓட ஆள் வரும். இஞ்சயும் ஆள் இல்லியெண்டா, இவ்வளவு தூரம் குலுங்கி வந்தது சர்பத் குடிக்கவா?"

பெரியோர்களே! தாய்மார்களே! அந்த ஒரு கேள்விதான் நேற்றிரவு என்னை இந்தப் பேச்சை எழுத வைத்தது. சர்பத் குடிக்கவா வந்தேன் என்று ஒரு விருந்தாளி கேட்டுவிட்டாள். பசித்து வந்தவருக்குச் சோறு. தாகித்து வந்தவருக்குத் தண்ணீர். களைத்து வந்தவருக்குப் பாய். ஓட வந்தவருக்கு? ஓட வந்தவருக்கு நாம் எதைப் பரிமாறுவது? பக்கத்தில் மூச்சிரைக்க ஓடும் ஒரு ஆளை அல்லவா! ஆள் இல்லாத தடத்துக்குப் பக்கத்தில் ஓட விடுவது, சோறில்லாத வெறும் சஹன் தட்டைக் கொண்டுவந்து விருந்தாளி முன்னால் வைப்பது போலல்லவா! எங்கள் ஊரில் எந்த வீட்டிலாவது அப்படி வெறும் தட்டு வைத்தார்களா? என் வாப்பா வைப்பார்களா?

கமீலா தோற்கலாம். சுஹறாவின் காலைப் பார்த்தேன். தோற்கக்கூடும் என்றுதான் நினைக்கிறேன். தோற்கட்டும்! வென்றால் வெல்லட்டும்! எதுவானாலும் எங்கள் ஊருக்கு வந்த பிள்ளை, "ஓடினன், என்னோட ஒருத்தி கடைசி வரைக்கும் ஓடினாள்" என்று சொல்லிக்கொண்டு போகட்டும்.

தலைவர் அவர்களே! பரிமாறக் கை காணாது என்றீர்கள். உண்மை. கமீலாவின் வேலையையும் சேர்த்து நான் செய்கிறேன். பகல் சாப்பாட்டுக்கும் நானே நிற்கிறேன். ஒரு கோப்பை குறைந்தாலும் என்னை ஏசுங்கள். பட்டியல் உங்கள் முன்னால் மேசையில் இருக்கிறது. ஓட்டத்துக்கு இன்னும் அரை மணித்தியாலம் இருக்கிறது. நீங்கள் வேண்டாம் என்றால், ஒரு முகச் சுளிப்பும் இல்லாமல் கமீலாவும் நானும் சேர்ந்தே பரிமாறுவோம்; இதை நான் மேடைக்காகச் சொல்லவில்லை. உங்கள் பிள்ளை உங்களை எதிர்த்துப் பேசினாள் என்று யாரும் சொன்னால், இல்லை, எங்கள் வீட்டு விருந்தைப் பற்றித்தான் பேசினாள் என்று சொல்லுங்கள் வாப்பா.

என் பேச்சு முடிந்தது. சபையோர் பொறுமைக்கும், சுபைறா டீச்சரின் மன்னிப்புக்கும்... கொஞ்சம் பொறுங்கள். தலைவர் அவர்கள் ஏதோ சொல்கிறார்கள்.

"இனியும் என்னத்துக்குப் புள்ள மைக்கப் புடிச்சிக்கு நிக்கிறாய்? கமீலா ஓடப் போனா, அங்க சர்பத்துக்கு ஆர் நிக்கிற? எறங்கு!"

இறங்குகிறேன் வாப்பா. இதோ இறங்குகிறேன். கேட்டிருந்த அனைவருக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. உங்கள் எல்லோருக்கும் என் ஸலாம், என் வணக்கம். தாகமுள்ளவர்கள் மேசைக்கு வாருங்கள்.