குழாயைத் திறந்தால் வருவது

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் கிருஷ்ணகிரி பஸ் கிளம்பக் காத்திருந்தோம். என் முன் சீட்டில் ஒரு கணவன் மனைவி. அவர் கம்பெனி யூனிஃபார்மில் இருந்தார். அந்த அம்மாள் திடீரென்று போட்ட சத்தத்தில் பாதி பஸ் திரும்பிப் பார்த்தது.

"குழாயில பீரு வருதா?"

"மெதுவா பேசு. பெங்களூர் பார்ல எல்லாம் இப்ப அப்படித்தான். குழாயத் தொறந்தா ஒடனே வரும். புரட்டாசி முடியட்டும்னுதான் இருந்தேன். ஐப்பசி பொறந்ததும் ரெண்டு பேருமா போலாம். வழியில அத்திப்பள்ளியில களியும் நாட்டுக்கோழிக் கொழம்பும். அங்க போனதும் நீ பக்கத்து ஓட்டல்ல மசால் தோசை சாப்பிட்டுகிட்டு இரு."

"மூக்கண்டப்பள்ளியில நம்ம தெருக் குழாயில கடைசியா எப்பங்க தண்ணி வந்துச்சு?"

"நான் எந்தத் தண்ணியச் சொல்றேன், நீ எந்தத் தண்ணியச் சொல்ற?"

"நான் குடிக்கிற தண்ணியச் சொல்றேன்."

"நானும் அதத்தான் சொல்றேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அந்த அம்மாள் சிரிக்கவில்லை.

"நீங்க பாட்டுக்கு ஷிஃப்டுக்குப் போயிடறீங்க. கொடத்த வரிசையில வெச்சுட்டு, வெறும் காத்து வர்ற குழாயப் பாத்துகிட்டு நிக்கிறவ நானு. நான் சண்டை போட்டுக் கொண்டாந்த அரைக் கொடத்துல குளிச்சுட்டு, நீங்க குழாய் பீரு குடிக்கப் போவீங்களா?"

கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் நகர்ந்தது.

"சரி விடு. எங்கயும் போகல."

"யாரு போகலன்னு சொன்னா? போறோம். எனக்குத் தோசையும் வேணாம், ஒண்ணும் வேணாம். நானும் உள்ள வந்து உக்காருவேன்."

"நீ அங்க வந்து என்ன பண்ணுவ?"

"தொறந்தா ஒடனே வரும்னீங்களே, அத ஒரு தடவையாவது கண்ணால பாக்கணும்."