சதுப்பில் பிடுங்கிய கிழங்கு

ஆசிரியை: …வேண்டாம்க்கா, உள்ள போகாதீங்க. நர்ஸ் திட்டுவாங்க.

அக்கா: திட்டட்டும். உங்க வகுப்புப் பொண்ணுக்குக் கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்குது. நாம இங்க…

ஆசிரியை: ஊசி போட்டிருக்காங்க. சரியாயிடும்.

அக்கா: நாப்பது பிள்ளைங்களை ஒரே அதட்டுல அடக்குற ஆளு. இப்ப செருப்புச் சத்தம் கேட்டாலே நடுங்குறீங்களே மேடம்.

ஆசிரியை: கிண்டல் பண்ற நேரமாக்கா இது?

அக்கா: பயத்துல வாய் அது பாட்டுக்குப் பேசுது.

நர்ஸ்: பல்கலைக்கழகத்துலேர்ந்து வந்தது நீங்கதானே? என்ன செடின்னு டாக்டர் மறுபடி கேக்குறாரு.

ஆசிரியை: அது… அழிஞ்சு போன சதுப்புல திரும்பச் செடி நடுறதுக்குப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போயிருந்தேன். அங்க எதையோ பிடுங்கிக் கடிச்சிருக்கா.

நர்ஸ்: எதையோவா? நீங்க தாவரவியல்தானே சொல்லித் தர்றீங்க?

ஆசிரியை: நான்… கவனிக்கல.

நர்ஸ்: இன்னொரு தடவை வலிப்பு வந்தா தாங்காது. யோசிச்சுச் சொல்லுங்க.

அக்கா: போயிட்டாங்க… மேடம், நெசமாவே கவனிக்கலையா?

ஆசிரியை: நாளைக்குத் தேர்வுக் கமிட்டி கூடுதுக்கா. நாலு வருஷமா ஒப்பந்த வாத்தியார். நாளைக்குத்தான் நிரந்தரம் பண்ணப் போறாங்க.

அக்கா: நான் அதைக் கேக்கல.

ஆசிரியை: தெரியும்…

அக்கா: அவ அம்மா பஸ்ல வந்துக்கிட்டு இருக்காங்களாம். வந்து என்னன்னு கேட்டா? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க முடியுமா?

ஆசிரியை: கொஞ்சம் சும்மா இருங்கக்கா!

அக்கா: இருக்க முடியல. நான் ஒண்ணு சொல்றேன், அடிச்சாலும் சரி. போன மாசம் நான் பார்த்துக்கிற நாற்றங்கால்ல ரெண்டு செடித் தட்டோட லேபிள் மழையில கரைஞ்சு போச்சு. ஒண்ணு தின்னுற கிழங்கு, இன்னொண்ணு விஷக் கிழங்கு. இலையைப் பார்த்தா ரெண்டும் அக்கா தங்கச்சி மாதிரி. உங்களைக் கேக்காம… குத்துமதிப்பா நானே எழுதி ஒட்டிட்டேன். இன்னைக்குச் சதுப்புக்கு எடுத்துட்டுப் போனது அந்தத் தட்டுங்கதான்.

ஆசிரியை: அக்கா…

அக்கா: வேலை போகும்னு வாயைத் திறக்கல. போய் டாக்டர்கிட்ட சொல்லிடறேன். அது விஷக் கிழங்காத்தான் இருக்கும்.

ஆசிரியை: அதுதான். சந்தேகமே வேண்டாம்.

அக்கா: அதெப்படி… கவனிக்கலைன்னீங்க?

ஆசிரியை: மிச்சத் துண்டு என் பையில இருக்கு. வண்டியில வரும்போதுதான் கீறிப் பார்த்தேன். உள்ள அறை அறையா இருக்கு, மஞ்சப் பால் வருது. நடுறதுக்கு முன்னாடி கீறியிருக்கணும். லேபிளை நம்புறதுக்கு எதுக்கு ஒரு வாத்தியார்?

அக்கா: தெரிஞ்சுமா சொல்லாம இருந்தீங்க! கொடுங்க அந்தத் துண்டை… மேடம், என்ன இப்படி வேர்த்து ஊத்துது? ஏன் குனியுறீங்க?

ஆசிரியை: அவளா கடிக்கலக்கா. 'இதைத் தின்னலாமா மேடம்'னு பயந்து பயந்துதான் கேட்டா. லேபிளைப் பார்த்துட்டு, 'எதுக்கும்மா பயம்'னு நான்தான் முதல்ல ஒரு துண்டைக் கடிச்சு முழுங்கிக் காட்டினேன்… ஓடுங்க. டாக்டர்கிட்ட ரெண்டு பேருன்னு சொல்லுங்க.